மொத்த டீமும் அவுட்... 26 வயது இன்ஜினீயர் முடித்த கார்: என்ஸோ ஃபெராரியும் 250 ஜிடிஓ-வும்

2018 ஆகஸ்ட் மாதம் கலிஃபோர்னியாவின் மான்டெரேயில் ஒரு கார் ஏலம் நடந்தது. 1962-ல் தயாரான ஃபெராரி 250 ஜிடிஓ ஒன்று அங்கே 4 கோடியே 84 லட்சம் டாலருக்குப் போனது. அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 340 கோடி ரூபாய். புதுசாக வந்தபோது அமெரிக்காவில் இதன் விலை சுமார் 18 ஆயிரம் டாலர்தான்.

விலையைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். அவ்வளவாகப் பேசப்படாத விஷயம் வேறு. இந்தக் காரைத் தொடங்கிய இன்ஜினீயர் அதை முடிக்கவில்லை. வேலை பாதியில் இருக்கும்போதே முதலாளி அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அவரை மட்டுமா? கம்பெனியின் முக்கியத் தலைகள் பலரையும் ஒரே வீச்சில் அனுப்பினார். அந்த முதலாளிதான் என்ஸோ ஃபெராரி.

யார் இந்த என்ஸோ?

1898-ல் இத்தாலியின் மோடெனாவில் பிறந்தவர். அப்பா உலோகப் பட்டறை வைத்திருந்தார். 1916-ல் அப்பா இறந்தார், அதே வருடம் அண்ணனும் போய்விட்டார். முதல் உலகப் போரில் என்ஸோவுக்குக் கிடைத்தது, ராணுவத்தின் கோவேறு கழுதைகளுக்கு லாடம் அடிக்கிற வேலை. போர் முடிந்ததும் டூரின் போய் ஃபியட் கம்பெனியில் வேலை கேட்டார். கிடைக்கவில்லை.

1920-ல் ஆல்ஃபா ரோமியோவில் ரேஸ் டிரைவர் ஆனார். நன்றாகவே ஓட்டினார், ஆனா முதல் வரிசை டிரைவர் கிடையாது. அவருடைய உண்மையான திறமை ஆள் பிடிப்பதில் இருந்தது. ஃபியட்டில் இருந்த விட்டோரியோ யானோ என்ற டிசைனரை ஆல்ஃபாவுக்கு இழுத்து வந்ததில் என்ஸோவுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த யானோ செய்த பி2 கார்தான் 1925-ல் ஆல்ஃபாவுக்கு உலக சாம்பியன் பட்டம் வாங்கித் தந்தது. தனக்கு வேலை தராத கம்பெனியிலிருந்தே ஆளைத் தூக்கியதில் அவருக்கு எவ்வளவு சந்தோஷம் இருந்திருக்கும்!

1929-ல் ஸ்குதேரியா ஃபெராரி என்ற பெயரில் சொந்த ரேஸ் அணி. 1939-ல் ஆல்ஃபாவை விட்டு விலகியபோது, நான்கு வருடம் தன் பெயரில் ரேஸ் நடத்தக் கூடாது என்று நிபந்தனை. போர்க் காலத்தில் பட்டறையை மோடெனாவுக்குப் பக்கத்தில் உள்ள மரனெல்லோவுக்கு மாற்றினார். அங்கேயும் குண்டு விழுந்தது. திரும்பக் கட்டினார்.

1947-ல் ஃபெராரி என்ற பெயரோடு முதல் கார் வெளியே வந்தது, 125 எஸ். ஜோக்கினோ கொலம்போ வடிவமைத்த 1.5 லிட்டர் இன்ஜின். இவ்வளவு சின்ன இன்ஜினுக்கு 12 சிலிண்டரா என்று அன்றைக்குப் பலருக்கும் ஆச்சரியம். பியாசென்சாவில் முதல் ரேஸ். முன்னணியில் ஓடிக்கொண்டிருந்த கார், எரிபொருள் பம்ப் கோளாறால் நின்றுவிட்டது. இரண்டே வாரத்தில் ரோமில் அதே கார் ஜெயித்தது.

இந்த 12 சிலிண்டர் இன்ஜினை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த 15 வருடத்தில் அது 3 லிட்டராக வளர்ந்தது. ஒரு சிலிண்டரின் கொள்ளளவு கிட்டத்தட்ட 250 சிசி. 250 என்ற பெயர் வந்தது அங்கிருந்துதான்.

ஜாகுவார் கொடுத்த பயம்

1961 மார்ச் மாதம் ஜெனிவா மோட்டார் ஷோவில் ஜாகுவார் இ-டைப் அறிமுகமானது. ஃபெராரியின் 250 ஜிடி அப்போது ஜிடி பிரிவில் ஜெயித்துக்கொண்டிருந்த கார். ஆனா அதற்கு ஒரு பலவீனம் இருந்தது. முன்பக்கம் உயரமாக இருந்ததால், வேகம் கூடக் கூடக் காற்று அதைத் தடுத்தது. இன்ஜினில் சக்தி இருந்தும் பிரயோஜனமில்லை.

இதைச் சரிசெய்யும் பொறுப்பு ஜியோட்டோ பிட்சாரினி என்ற இன்ஜினீயரிடம் வந்தது. அவர் செய்தது கேட்க எளிமையானது. இன்ஜினைப் பின்னால் தள்ளி, கீழே இறக்கினார். சாதாரண காரில் ஆயில் இன்ஜினுக்கு அடியில் ஒரு தட்டில் தேங்கி நிற்கும். அந்த ஆழமான தட்டை எடுத்துவிட்டு, ஆயிலைத் தனி டேங்குக்கு மாற்றினால் இன்ஜினை இன்னும் தாழ்வாக வைக்கலாம். இன்ஜின் தாழ்ந்தால் பானட் தாழும். பானட் தாழ்ந்தால் காற்று வழிவிடும். பீசா பல்கலைக்கழகத்தின் காற்றுச் சுரங்கத்தில் சோதனையும் நடந்தது.

செப்டம்பரில் மான்சா ரேஸ் டிராக்கில் அந்த முதல் மாதிரியை ஸ்டிர்லிங் மாஸ் ஓட்டிப் பார்த்தார். கையால் தட்டி ஒட்டுப்போட்ட பாடி, பார்க்கவே சகிக்காது. பூதம் என்று பட்டப்பெயர் கிடைத்தது. ஆனா பறந்தது.

அக்டோபரில் என்ன நடந்தது?

அப்போதைய என்ஸோவின் நிலைமையையும் பார்க்க வேண்டும். 1956-ல் மகன் டினோ, தசைச் சிதைவு நோயால் 24 வயதில் இறந்துவிட்டார். 1957-ல் மில்லே மில்லியா ரேஸில் ஒரு ஃபெராரி கூட்டத்துக்குள் பாய்ந்தது. டிரைவர், உடன் சென்றவர், பார்வையாளர்கள் 9 பேர் பலி. அவர்களில் 5 பேர் குழந்தைகள். என்ஸோ மேல் வழக்குப் பாய்ந்தது, 1961-ல்தான் அதிலிருந்து விடுபட்டார். அதே ஆண்டு செப்டம்பர் 10, மான்சாவில் ஃபெராரி டிரைவர் வோல்ஃப்காங் வோன் டிரிப்ஸின் கார் பறந்துபோய்ப் பார்வையாளர்கள் பலரின் உயிரைப் பறித்தது, அவரும் இறந்தார். அதே நாளில் இன்னொரு ஃபெராரி டிரைவர் ஃபில் ஹில் உலக சாம்பியன் ஆனார். கொண்டாட யாருக்கும் மனசில்லை.

இந்தச் சூழலில்தான் வீட்டுப் பிரச்னை ஃபேக்டரிக்குள் வந்தது. என்ஸோவின் மனைவி லாரா அன்றாட நிர்வாகத்தில் தலையிடுகிறார் என்று மூத்த அதிகாரிகளுக்குக் கோபம். விற்பனை மேலாளர் ஜிரோலாமோ கார்டினி நேரிலேயே முறையிட்டார். வேலை போனது. அவருக்கு ஆதரவாக மற்றவர்கள் சேர்ந்து கடிதம் கொடுத்தார்கள். தலைமை இன்ஜினீயர் கார்லோ கிட்டி, ரேஸ் அணி மேலாளர் ரொமோலோ தவோனி, பிட்சாரினி எல்லோரும் அந்தப் பட்டியலில் உண்டு. தாங்கள் இல்லாமல் கம்பெனி ஓடாது என்று நினைத்திருக்கலாம். நியாயமான நினைப்புதான். உலக சாம்பியன் பட்டம் ஜெயித்துக் கொடுத்து இரண்டு மாதம்கூட ஆகவில்லையே!

என்ஸோ பேச்சுவார்த்தைக்கே வரவில்லை. எல்லோரையும் வெளியே அனுப்பினார்.

பாதியில் நின்ற கார், ரேஸ் டிபார்ட்மென்ட் மொத்தத்தையும் தூக்கி மௌரோ ஃபோர்கியேரி கையில் கொடுத்தார். வயது 26. காலேஜ் முடித்து ரொம்ப நாள் ஆகவில்லை. அப்பாவும் அதே ஃபேக்டரித் தொழிலாளிதான். இவ்வளவு பெரிய பொறுப்பைக் கேட்டதும் தயங்கினேன் என்று ஃபோர்கியேரி பின்னாளில் சொல்லியிருக்கிறார். பின்னே, தயங்காமல் இருக்க முடியுமா?

காரின் ஸ்பீடில் குறை இல்லை, அதிவேகத்தில் பின்பக்கம் அலைபாய்வதுதான் தலைவலி. ஃபோர்கியேரி பின் அச்சை இடம் வலமாக நகராதபடி வாட்ஸ் லிங்கேஜ் என்ற இணைப்புக் கம்பிகளால் கட்டினார். காற்று காரைத் தூக்காமல் இருக்க, வாலில் மேல்நோக்கி வளைந்த ஒரு விளிம்பு வந்தது. பாடியை மோடெனாவின் ஸ்காலியெட்டி பட்டறை அலுமினியத்தில் தட்டிக் கொடுத்தது. 300 குதிரைத்திறன், ஒரு டன்னுக்கும் குறைந்த எடை.

1962 பிப்ரவரியில் பத்திரிகையாளர்களுக்குக் காட்டினார்கள். மார்ச்சில் அமெரிக்காவின் செப்ரிங் 12 மணி நேர ரேஸ். அதிசக்தி கார்கள் நிறைய ஓடிய அந்த ரேஸில் ஜிடிஓ ஒட்டுமொத்தமாக இரண்டாம் இடம், தன் பிரிவில் முதலிடம். 1962, 63, 64 என மூன்று வருடமும் ஜிடி சாம்பியன் பட்டம் ஃபெராரிக்குத்தான்.

ஒரு தில்லாலங்கடி வேலையும் இதில் உண்டு. ஜிடிஓ-வில் ஓ என்பது ஓமோலோகாட்டோ, அதாவது அங்கீகாரம் பெற்றது. ரேஸ் விதிப்படி, அங்கீகாரம் வேண்டுமென்றால் 100 கார் தயாரிக்க வேண்டும். ஃபெராரி கடைசிவரை தயாரித்தது 36. இது புதுக் கார் இல்லை, பழைய 250 ஜிடிக்கு வேறு பாடி போட்டிருக்கிறோம் என்று சொல்லி வாங்கிவிட்டார்கள். 250 எல்எம் காருக்கும் அதே வழியில் போனபோது அதிகாரிகள் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தக் காரில் இன்ஜின் டிரைவருக்குப் பின்னால் இருந்தது. அதையும் பழைய கார் என்றால் யார் நம்புவார்கள்?

வெளியே போனவர்கள் என்ன ஆனார்கள்?

கிட்டியும் மற்றவர்களும் ஏடிஎஸ் என்ற புதுக் கம்பெனி தொடங்கினார்கள். அதில் ஜியோவானி வோல்பி என்ற இளம் பிரபு பணம் போட்டார். விஷயம் தெரிந்ததும், அவர் கேட்டிருந்த ஜிடிஓ கார்களைத் தர முடியாது என்று என்ஸோ மறுத்துவிட்டார். வோல்பி நேராக பிட்சாரினியிடம் போனார். பழைய 250 ஜிடி ஒன்றின் பின்பக்கத்தைத் தட்டையாக நீட்டி, ஜிடிஓ-வை மிஞ்ச ஒரு கார் செய்து கொடுத்தார் பிட்சாரினி. ரொட்டி வேன் மாதிரி இருந்ததால் பெயரே பிரெட்வேன். 1962 லெ மான்ஸ் 24 மணி நேர ரேஸில் நான்கு மணி நேரம்போல ஜிடிஓ-க்களுக்கு முன்னால் ஓடியது, பிறகு டிரைவ் ஷாஃப்ட் உடைந்து நின்றது. ஒரு ஜிடிஓ அந்த ரேஸில் ஒட்டுமொத்தமாக இரண்டாவதாக வந்தது.

முதலாளி ஜெயித்தார், கதை முடிந்தது என்று வாட்ஸ்அப்பில் ஃபார்வர்ட் பண்ணுவதற்கு முன் இன்னொரு கணக்கு இருக்கிறது. 1961-ல் நடந்த 8 ஃபார்முலா 1 ரேஸில் 5-ஐ ஜெயித்த ஃபெராரி, 1962-ல் ஒன்றுகூட ஜெயிக்கவில்லை. வேறு காரணங்களும் உண்டு. ஆனா டீமே இல்லாமல் போனதற்குக் கொடுத்த விலை இது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஏடிஎஸ்ஸும் சீக்கிரமே மூழ்கியது. இரண்டு பக்கமும் அடி.

1963-ல் ஃபோர்டு கம்பெனி ஃபெராரியை வாங்கப் பேசியது. ரேஸ் விஷயத்தில் கடைசி முடிவு தன்னிடம் இருக்காது என்று தெரிந்ததும் என்ஸோ எழுந்து போய்விட்டார். 1969-ல் பாதிப் பங்கை ஃபியட்டுக்கு விற்றார், ரேஸ் அதிகாரத்தை மட்டும் விடவில்லை. இளம் வயதில் வேலை தராத அதே ஃபியட். ஜிடிஓ-க்கள் அந்தச் சமயத்தில் பழைய ரேஸ் கார் என்று சில ஆயிரம் டாலருக்குக் கைமாறிக்கொண்டிருந்தன.

பிட்சாரினி 1963-லேயே, ஃபெராரிக்குப் போட்டியாகக் கார் செய்யக் கிளம்பிய லம்போர்கினிக்கு முதல் 12 சிலிண்டர் இன்ஜினை வடிவமைத்துக் கொடுத்திருந்தார். ஃபோர்கியேரி கால் நூற்றாண்டுக்கு மேல் என்ஸோவுடனேயே இருந்து, 1987-ல் ஃபெராரியை விட்டார். அவர் போய்ச் சேர்ந்த இடமும் லம்போர்கினிதான். அடுத்த வருடம், 1988 ஆகஸ்ட் 14 அன்று என்ஸோ 90 வயதில் இறந்தார். அவர் விரும்பியபடியே, அடக்கம் முடிந்த பிறகுதான் செய்தி வெளியே வந்தது.