ஃப்ராய்டுக்கு மறுப்பு எழுதிய கல்கத்தா டாக்டர்... யார் இந்த கிரீந்திரசேகர் போஸ்?

பண்டசோழநல்லூர் டீக்கடையாக இருந்தாலும் சரி, சென்னை ஐ.டி. கம்பெனி கேன்டீனாக இருந்தாலும் சரி, அவனுக்கு ரொம்ப ஈகோப்பா என்ற பேச்சு ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது காதில் விழுந்துவிடும். கூடவே தாழ்வு மனப்பான்மை, இன்ட்ரோவெர்ட், காம்ப்ளெக்ஸ் எல்லாம் வரும். ஆளுமையை அளக்க நாம் தினமும் புழங்கும் இந்த வார்த்தைகளைப் பரப்பியவர்கள், நூறு வருஷத்துக்கு முன்னால் ஐரோப்பாவில் இருந்த விரல்விட்டு எண்ணக்கூடிய சில டாக்டர்கள். இன்ட்ரோவெர்ட் கார்ல் யுங் தந்தது. தாழ்வு மனப்பான்மை ஆல்ஃபிரட் ஆட்லருடையது. ஈகோ, இவர்கள் இருவருக்கும் மூத்தவரான சிக்மண்ட் ஃப்ராய்டின் கணக்கில் வரும்.

ஒரு சின்னத் தகவல். நாம் ஈகோ என்றால் திமிர் என்று எடுத்துக்கொள்கிறோம். ஃப்ராய்டு ஜெர்மன் மொழியில் எழுதியது வெறுமனே நான் என்ற சொல்லைத்தான். அதற்கு ஈகோ என்ற லத்தீன் சட்டையை மாட்டிவிட்டவர்கள் ஆங்கில மொழிபெயர்ப்பாளர்கள்.

சரி, வியன்னாவில் சோபாவில் படுத்துக்கொண்டு பேசியவர்களின் மனதை வைத்து எழுதிய சித்தாந்தம் நம் ஊர் ஆளுக்கும் பொருந்துமா? இந்தக் கேள்வியை ஃப்ராய்டிடமே கடிதத்தில் எழுப்பிய இந்தியர் ஒருவர் இருந்தார். கல்கத்தா டாக்டர் கிரீந்திரசேகர் போஸ்.

ஃப்ராய்டு என்னதான் சொன்னார்?

போஸ் எதை மறுத்தார் என்று புரிய, இது கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். ஃப்ராய்டு நரம்பியல் டாக்டர். உடம்பில் கோளாறே இல்லாமல் கை கால் மரத்துப்போகிறது, பேச்சு நின்றுபோகிறது என்று வந்த நோயாளிகளை ஆரம்பத்தில் ஹிப்னாடிசம் செய்து பார்த்தார். அவரும் ஜோசஃப் ப்ராயரும் சேர்ந்து 1895-ல் ஹிஸ்டீரியா பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார்கள். பிறகு ஹிப்னாடிசத்தை விட்டுவிட்டு, நோயாளியை மனதில் தோன்றுவதையெல்லாம் பேசவிட்டுக் கேட்க ஆரம்பித்தார். உளப்பகுப்பாய்வு அங்கிருந்துதான் வளர்ந்தது.

ஒத்துக்கொள்ள முடியாத ஆசைகளை மனம் அடியாழத்துக்கு அமுக்கிவிடுகிறது, அவை கனவாகவும் நோயாகவும் வேறு வேஷத்தில் திரும்பி வருகின்றன என்பது அவருடைய மையக் கருத்து. 1923-ல் இதை மூன்று அடுக்காகப் பிரித்தார். ஆசைப்படும் இட், அதட்டும் சூப்பர் ஈகோ, இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு சமாளிக்கும் ஈகோ.

ஆளுமை எப்படி உருவாகிறது என்பதற்கு அவர் சொன்ன விளக்கம்தான் பெரிய சர்ச்சை. சின்னப் பையனுக்கு அம்மா மேல் தீவிரமான ஆசை, அப்பா அதற்குப் போட்டி. அப்பா தன் ஆணுறுப்பையே பறித்துவிடுவாரோ என்று பயந்து ஆசையை அமுக்குகிறான், அப்பாவைப் போலவே ஆக முயல்கிறான். ஈடிபஸ் சிக்கல் என்பது இதுதான். மனித குலம் முழுமைக்கும் இது பொருந்தும் என்று ஃப்ராய்டு நம்பினார்.

மேஜிக் பிடித்த கெமிஸ்ட்ரி மாணவர்

போஸ் பிறந்தது 1887 ஜனவரி 30, பீகாரின் தர்பங்காவில். அப்பா சந்திரசேகர் போஸ் தர்பங்கா மகாராஜாவிடம் திவான். ஒன்பது பிள்ளைகளில் இவர் கடைக்குட்டி. அண்ணன் ராஜசேகர் போஸும் சாமானியர் இல்லை. பரசுராம் என்ற புனைபெயரில் வங்காளத்தையே சிரிக்க வைத்தவர் அவர். சத்யஜித் ராயின் பரஷ் பதர், மகாபுருஷ் இரண்டு படங்களும் அவருடைய கதைகள்தான்.

தம்பிக்கு இளவயதிலிருந்தே மேஜிக்கும் ஹிப்னாடிசமும் பைத்தியம். கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் கெமிஸ்ட்ரி, பிறகு 1910-ல் டாக்டர் பட்டம். பிராக்டிஸ் நன்றாகவே போனது. கல்கத்தா பல்கலைக்கழகத்தில் உளவியல் துறை தொடங்கியதும், ஓடிக்கொண்டிருந்த பிராக்டிஸை வைத்துக்கொண்டே திரும்ப மாணவராகப் போய்ச் சேர்ந்தார். 1917-ல் எம்.எஸ்சி., உடனே அங்கேயே விரிவுரையாளர் வேலை. 1921-ல் முனைவர் பட்டம். ஆய்வின் தலைப்பே, மனம் ஆசைகளை அமுக்கி வைப்பது பற்றியதுதான்.

அந்த ஆய்வு புத்தகமானதும் ஒரு பிரதியை வியன்னாவுக்கு அனுப்பினார். அங்கிருந்து பதில் வந்தது. தன் கருத்துகள் இவ்வளவு தூரத்தில் இருக்கும் ஒரு நாட்டில் பேசப்படுவதில் ஃப்ராய்டுக்கு ஆச்சரியம், சந்தோஷம். 1921-ல் தொடங்கிய கடிதப் போக்குவரத்து 1937 வரை நீண்டது. இருவரும் ஒருமுறைகூட நேரில் சந்திக்கவில்லை.

ஆரம்பத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. போஸின் நண்பர், ஓவியர் ஜதீந்திர குமார் சென், ஃப்ராய்டின் போட்டோவைக்கூடப் பார்த்ததில்லை. எழுத்தை வைத்தே ஆள் எப்படி இருப்பார் என்று கற்பனை செய்து ஒரு படம் வரைந்தார். அதை போஸ் அப்படியே ஃப்ராய்டுக்கு அனுப்பிவைத்தார்! படம் அழகாகத்தான் இருக்கிறது, நான் இவ்வளவு அழகில்லையே என்ற தொனியில் பதில் வந்தது. தோழி ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், இதில் நான் சுத்தமாக ஒரு ஆங்கிலேயனைப் போலவே இருக்கிறேன் என்று ஃப்ராய்டு கிண்டலடித்தார். வெள்ளைக்காரர் என்றாலே ஆங்கிலேயர் முகம்தானே அன்றைய கல்கத்தாவில் கண்ணில் பட்டது.

பாரிஸுக்கு முன்பே கல்கத்தா

1922 ஜனவரி 22-ம் தேதி, கல்கத்தா பார்சிபாகான் சந்து 14-ம் எண் வீட்டில், அதாவது போஸின் சொந்த வீட்டில், இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கம் தொடங்கியது. சர்வதேச அமைப்பின் அங்கீகாரமும் கிடைத்தது. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்காரர்கள் இங்கே ஒரு ஒப்பீடு செய்துகொள்ளலாம். பாரிஸில் இப்படி ஒரு சங்கம் தொடங்கியதே 1926-ல்தான்.

முதல் உறுப்பினர்கள் பதினைந்து பேர். பெரும்பாலும் உளவியல், தத்துவ ஆசிரியர்கள். இரண்டு ஆங்கிலேயர்களும் இருந்தார்கள். கதையின் சங்கடமான பகுதி அவர்கள்தான். ஒருவர் ஓவன் பெர்க்லி-ஹில், ராஞ்சியில் ஐரோப்பியர்களுக்கான மனநல மருத்துவமனையை நடத்தியவர். இந்துக்களின் மதம், தத்துவம், குணம் எல்லாமே குழந்தைப் பருவத்தின் மலம் கழிக்கும் கட்டத்தோடு முடிச்சுப்போட்டவை என்று 1921-ல் ஒரு கட்டுரை எழுதினார். இத்தனைக்கும் அவர் மணந்திருந்தது மலபாரைச் சேர்ந்த பெண்ணை. இன்னொருவர் கிளாட் டேலி, ராணுவ அதிகாரி. சுதந்திரத்துக்காகப் போராடிய வங்காளப் புரட்சியாளர்களின் அரசியலுக்கு மனக்கோளாறு விளக்கம் கொடுத்தவர்.

எந்த விஷயம் பணயத்தில் இருந்தது என்பது இதில் தெரியும். ஒரு மனிதனை இவன் இப்படிப்பட்டவன் என்று வகைப்படுத்தும் சித்தாந்தம், ஆளுகிறவர் கையில் கிடைத்தால் ஒரு நாட்டையே வளராத குழந்தை என்று முத்திரை குத்தப் போதும். அதே சங்கத்தின் தலைவர் நாற்காலியில், வேட்டி கட்டிய ஒரு வங்காளி டாக்டர், அதே சித்தாந்தத்தைத் தன் நோயாளிகளிடம் உரசிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சண்டை போடாமல் மறுத்தவர்

1929-ல் போஸ் தன் கட்டுரைகளை மொத்தமாக ஃப்ராய்டுக்கு அனுப்பினார். கூடவே ஒரு கடிதம். சாராம்சம் இதுதான்: நீங்கள் சொல்லும் அந்த ஆணுறுப்பு பறிபோகும் பயம், என் இந்திய நோயாளிகளிடம் ஐரோப்பியர்களிடம் தெரிகிற அளவுக்குத் தெரியவில்லை. அதற்குப் பதிலாக, ஆண் நோயாளிகளிடம் பெண்ணாக இருக்க வேண்டும் என்ற ஆசை சுலபமாக வெளியே வருகிறது.

இப்போதுகூட ஆபீஸ் மீட்டிங்கில் சொன்னால் நாலு பேர் நெளிவார்கள். 1929-ல் எழுதியிருக்கிறார் மனுஷன்.

பின்னாளில் எழுதிய ஒரு கட்டுரையில் இதற்குக் காரணமும் சொன்னார். இந்தியாவில் சின்னப் பிள்ளைகள் ஆணும் பெண்ணும் துணியில்லாமலே ஒன்றாக விளையாடி வளர்கிறார்கள். உடம்பில் உள்ள வித்தியாசம் அவர்களுக்கு ஒரு நாள் திடீரென்று தெரிய வரும் அதிர்ச்சி கிடையாது. அரைஞாண் கயிறு மட்டும் கட்டிக்கொண்டு தெருவில் ஓடிய தலைமுறைக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆண் குழந்தைக்குச் சடை பின்னி, பூ வைத்து, பாவாடை சட்டை போட்டு ஸ்டூடியோவில் எடுத்த போட்டோ உங்கள் வீட்டு ஆல்பத்திலும் ஒன்று இருக்கலாம்.

இதோடு போஸுக்குச் சொந்தமாக ஒரு சித்தாந்தமும் இருந்தது. எதிரெதிர் ஆசைகள் என்று சொல்லலாம். எந்த ஆசையும் தனியாக வருவதில்லை, அதன் எதிர் ஆசையும் ஒட்டியே பிறக்கிறது என்றார். அடிக்கும் ஆசைக்குள் அடிவாங்கும் ஆசை, காதலிக்கும் ஆசைக்குள் காதலிக்கப்படும் ஆசை. இரண்டும் ஒரே நேரத்தில் நிறைவேறாது. ஒன்று மேலே வந்தால் மற்றது கீழே போய்விடும். அதாவது ஆசையை அமுக்குவதற்கு வெளியிலிருந்து அப்பாவோ சமூகமோ வந்து மிரட்ட வேண்டியதில்லை, எதிர் ஆசையே அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

சிகிச்சையும் அதே வழிதான். உதாரணத்துக்கு, மேனேஜர் எல்லார் முன்னாலும் திட்டிவிட்டார், ஒரு வாரமாகத் தூக்கமில்லை என்று வையுங்கள். போஸ் முறையில், திட்டு வாங்கிய இடத்திலேயே நின்று புலம்பினால் போதாது. திட்டியவர் நாற்காலியில் கற்பனையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். பிறகு திரும்ப உங்கள் இடம். பூங்காவில் பிள்ளைகள் ஆடும் சீ-சா பலகை மாதிரி மனம் இரண்டு பக்கமும் மாறி மாறிப் போய்வரும்போது முடிச்சு தளரும் என்பது அவர் கணக்கு.

ஃப்ராய்டு என்ன சொன்னார்? இந்திய, ஐரோப்பிய நோயாளிகளிடம் தெரியும் வித்தியாசம் தன் கவனத்தை ஈர்த்தது என்றார், யோசிப்பதாகவும் சொன்னார். ஆனால் எதிரெதிர் ஆசைகள் என்பது வடிவத்தைச் சொல்கிறதே தவிர, உள்ளே இயங்கும் விசையைச் சொல்லவில்லை என்பது அவர் கருத்து. ஆண்மை பறிபோகும் பயத்தை போஸ் குறைத்து மதிப்பிடுகிறார் என்றும் நினைத்தார். கடைசிவரை தன் சித்தாந்தத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

முதல் பாயின்டில் நான் ஃப்ராய்டு பக்கம்தான். எல்லா ஆசைக்கும் ஒரு எதிர் ஆசை என்பது பள்ளிக்கூடக் கணக்கு மாதிரி ரொம்பவே கச்சிதமாக இருக்கிறது. இரண்டாவதில் அப்படி இல்லை. போஸிடம் நோயாளிகள் இருந்தார்கள், ஃப்ராய்டிடம் இந்திய நோயாளிகள் இல்லை. ஆட்லரும் யுங்கும் கருத்து மாறியபோது ஃப்ராய்டோடு உறவே முறிந்தது. போஸோடு முறியவில்லை. போஸின் பணிவு ஒரு காரணம். கல்கத்தாவிலிருந்து வரும் மறுப்பை வியன்னாவில் யாரும் ஒரு ஆபத்தாகவே எடுத்துக்கொள்ளவில்லை என்பதும் காரணமாக இருக்கலாம்.

போஸிடமும் கேட்க ஒரு கேள்வி இருக்கிறது. அவரிடம் வந்தவர்கள் பெரும்பாலும் படித்த, வசதியுள்ள கல்கத்தா வங்காளிகள். அவர்களை வைத்து இந்திய மனம் என்று பேசலாமா? பாகூரில் நாற்று நடும் பெண்ணின் மனம் அந்தக் கணக்கில் எங்கே வருகிறது?

அதே காலத்தில் புதுச்சேரியில் வாழ்ந்த இன்னொரு வங்காளி, அரவிந்தரும் ஃப்ராய்டை ஏற்கவில்லை. ஆனால் அவர் மறுத்தது யோகத்தின் பக்கம் நின்று. போஸ் மறுத்தது உளப்பகுப்பாய்வுக்கு உள்ளேயே இருந்துகொண்டு.

1931-ல் ஃப்ராய்டுக்கு 75 வயது. கல்கத்தா சங்கம் தந்தத்தில் செய்த விஷ்ணு சிலையை அனுப்பியது. திருவிதாங்கூர் பகுதிப் பழைய கற்சிலை ஒன்றை மாதிரியாக வைத்துச் செய்தது. ஃப்ராய்டு அதைத் தன் மேஜையில் வைத்துக்கொண்டார். தூர தேசங்களில் உளப்பகுப்பாய்வு அடைந்த வெற்றிகளை இது நினைவூட்டும் என்று நன்றிக் கடிதம் எழுதினார். அவர் பார்வையில் அது ஜெயித்த ஊரிலிருந்து வந்த பரிசு. கொஞ்ச நாளில் தந்தத்தில் விரிசல் விட்டது. கல்கத்தாவுக்குப் பழகிய சாமிக்கு வியன்னா குளிர் ஒத்துக்கொள்ளவில்லையோ என்று டைரியில் குறித்து வைத்திருக்கிறார்.

ஓ.பி. சீட்டும் மூன்று படுக்கையும்

போஸ் கடிதத்தோடு நின்றுவிடவில்லை. மனநோய் என்றால் ஊருக்கு ஒதுக்குப்புறமான, உயர்ந்த மதில் சுவருள்ள ஆஸ்பத்திரிதான் என்றிருந்த காலம் அது. நம் சினிமா காமெடியில் கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப்பெயரே கிண்டலாகிப் போனது அந்தப் பயத்தின் மிச்சம்தான். 1933-ல் கல்கத்தா கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் போஸ் மனநல புறநோயாளிகள் பிரிவைத் தொடங்கினார். காய்ச்சலுக்கும் கால் முறிவுக்கும் வருகிற அதே கட்டடத்துக்கு, அதே மாதிரி மனசு சரியில்லை என்றும் வரலாம். பொது மருத்துவமனைக்குள் மனநலப் பிரிவு என்பது இந்தியாவில் இதுதான் முதல் என்று குறிப்பிடுகிறார்கள். 2024-ல் நாடு முழுக்கச் செய்தியில் அடிபட்ட ஆர்.ஜி. கர் மருத்துவமனைதான் அது.

1940-ல் அண்ணன் ராஜசேகர் கொடுத்த இடத்தில் லும்பினி பார்க் மனநல மருத்துவமனை தொடங்கியது. ஆரம்பத்தில் மூன்றே படுக்கைகள். 1947-ல் சமீக்ஷா என்ற ஆய்விதழ். இதற்கு நடுவில் கனவு பற்றி வங்காளியில் ஒரு புத்தகம், புராணங்களின் காலக்கணக்கைத் துருவும் ஒரு புத்தகம், எறும்புகளை வைத்துக் குழந்தைகளுக்கு ஒரு கதை என்று எழுதிக்கொண்டே இருந்தார். சங்கம் தொடங்கிய நாள் முதல் 1953 ஜூன் 3-ல் இறக்கும் வரை தலைவர் அவர்தான்.

அவருக்குப் பிறகு பெயர் மங்கிவிட்டது. இந்திய ஆண்களின் மனதில் அம்மாவுக்கு இருக்கும் இடத்தைப் பற்றிப் பல வருஷம் எழுதிய உளப்பகுப்பாய்வாளர் சுதிர் கக்கர் போஸின் கடிதங்களைத் திரும்ப எடுத்துப் பேசினார். 1990-களில் ஆஷிஸ் நந்தி அவரைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதினார். விஷ்ணு சிலை 1938-ல் நாஜிகளிடமிருந்து தப்பிய ஃப்ராய்டின் சாமான்களோடு லண்டன் போய்ச் சேர்ந்தது. அவர் கடைசியாக வாழ்ந்த வீடு இப்போது மியூசியம். சிலை அங்கேதான் இருக்கிறது.