தூணுக்குக் கீழே ஏன் காலி?

தானே 2011, நிவர் 2020, ஃபெஞ்சல் 2024. மூணுமே புதுச்சேரியை ஒட்டித்தான் கரையைக் கடந்துச்சு. பக்கத்துல மரக்காணம் உப்பளம், கிட்டத்தட்ட கடல் மட்டத்துல. இந்தக் கரையோரப் புயல் பாதுகாப்பு மையங்கள் பலதும் ஏன் தூண் மேல நிக்குதுன்னு யோசிச்சிருக்கீங்களா? கீழ இருக்கிறது பார்க்கிங் இல்லைங்க. கடல் தண்ணி புகுந்து வெளியேற விட்ட வழி.

அந்தத் தண்ணியைப் பத்தி அன்னைக்கே கத்தினவர் ஒருத்தர் இருக்கார்: ஹென்றி பிடிங்டன். 1797-ல் இங்கிலாந்தில் பிறந்து, கப்பல் கேப்டனா வந்து, கல்கத்தாவிலேயே தங்கிட்டார். நம்மள மாதிரி டிகிரி எல்லாம் கிடையாது. வில்லியம் ரீட் புயல் பத்தி எழுதின புத்தகத்தைப் படிச்சதும் ஆளுக்கு அதே நினைப்பாயிடுச்சு. புயலில் சிக்கித் தப்பின கப்பல்களோட லாக் புக்கைத் தேடிப் பிடிச்சு, காத்துத் திசையையும் பாரோமீட்டர் அளவையும் வெச்சுப் புயலோட பாதையை வரைஞ்சார். சாட்டிலைட் இல்லாத காலம், ஞாபகம் வெச்சுக்கோங்க. சுருண்ட பாம்பைக் குறிக்கிற கிரேக்கச் சொல்லிலிருந்து 'சைக்ளோன்'னு பேர் வெச்சதும் இவர்தான். அந்தப் பேர் வந்த புத்தகம் 1848-ல் வெளியாச்சு.

1853-ல் மாத்லா ஆத்தங்கரைச் சதுப்பு நிலத்தில் புதுத் துறைமுகம் கட்ட அரசு கிளம்புச்சு. அங்க ஒருநாள் 5 முதல் 15 அடி வரை உப்புத்தண்ணி ஏறும்னு கவர்னர் ஜெனரல் டல்ஹௌசிக்கே எழுதினார். யாரும் காதுல போட்டுக்கல. 1858-ல் பிடிங்டன் இறந்துட்டார். துறைமுகம் எழும்புச்சு, ரயிலும் வந்துச்சு, கேனிங்னு பேரும் வெச்சாங்க.

1867 நவம்பர்ல புயல் வந்தப்போ ஏறின தண்ணி ஆறடிதான். சில வருஷத்துல துறைமுகத்தையே கைவிட்டுட்டாங்க.