ஆர்பெஜியேட்டர் பட்டனுக்கு 250 வருஷம் முன்னால் ஒருத்தர்: யார் இந்த பாக்?

கீபோர்டில் ஆர்பெஜியேட்டரை ஆன் பண்ணி, மூன்று கட்டைகளை அழுத்திப் பிடித்தால் போதும். ஸ்வரங்கள் ஒவ்வொன்றாக ஓட ஆரம்பித்துவிடும். அப் மோடில் கீழிருந்து மேலே, டவுனில் மேலிருந்து கீழே, அப்-டவுனில் ஏறி இறங்கி, ரேண்டமில் இஷ்டத்துக்கு. 1978-ல் வந்த ரோலண்ட் ஜூப்பிட்டர்-4-லேயே இந்த நான்கும் இருந்தன. ஆனால் இதே வேலையை வெறும் விரல்களை நம்பி எழுதி வைத்துவிட்டுப் போனவர் ஜோஹான் செபாஸ்டியன் பாக்.

1685-ல் ஜெர்மனியின் ஐசெனாக்கில் பிறந்தார். பத்து வயது முடிவதற்குள் அம்மா, அப்பா இருவரும் இல்லை. ஆர்கன் வாசிக்கும் அண்ணன் வீட்டில் வளர்ந்தார். 20 வயதில், பக்ஸ்டஹூடே என்ற ஆர்கன் மேதையைக் கேட்பதற்காக சுமார் 400 கி.மீ. தள்ளியிருந்த லூபெக்குக்கு நடந்தே போனார். லீவு நாலு வாரம். திரும்பி வந்ததோ கிட்டத்தட்ட நாலு மாதம் கழித்து! சர்ச் நிர்வாகம் கூப்பிட்டு விளக்கம் கேட்டது.

1717-ல் வைமார் அரசவை வேலையை விட்டு கோத்தன் அரசவைக்கு மாற நினைத்தார். ரிசைன் பண்ண விடவில்லை. விடாமல் வற்புறுத்தியதற்கு ஏறக்குறைய நாலு வாரம் ஜெயில். நோட்டீஸ் பீரியட் பற்றிப் புலம்புகிறவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

கோத்தனில் நல்ல சம்பளம், இசை தெரிந்த இளவரசர். ஆனால் 1720-ல் இளவரசரோடு வெளியூர் போய்த் திரும்பியபோது, மனைவி மரியா பார்பரா இறந்து அடக்கமே முடிந்திருந்தது. அந்த வருடத் தொடக்கத்தில்தான், ஒன்பது வயது மகன் வில்ஹெல்ம் ஃப்ரீடெமானுக்காக ஒரு பாட நோட்டை ஆரம்பித்திருந்தார். அந்த நோட்டில் உள்ள ஒரு சின்னப் பயிற்சிதான், 1722-ல் வெல் டெம்பர்ட் கிளாவியர் தொகுப்பின் முதல் ப்ரிலூடாக வளர்ந்து நின்றது.

மொத்தம் 35 பார். ஏறத்தாழ முழுக்க ஆர்பெஜியோ. ஐந்து ஸ்வரம் கொண்ட கார்டு. வரிசை 1-2-3-4-5, பிறகு 3-4-5. அதையே இன்னொரு தடவை. அடுத்த பாரில் வேறு கார்டு. அவ்வளவுதான். ஆனால் சும்மா அப் மோடில் போட்டால் இது வராது. ஐந்து முடிந்ததும் மெஷின் மறுபடி ஒன்றுக்கே போய்விடும். பேட்டர்னை நாமே எழுதும் வசதி இருந்தால் வரும். அப்போதும் கடைசி மூன்று பாரில் மாட்டிக்கொள்ளும். ஏனென்றால், அங்கே பாக் தன் பேட்டர்னைத் தானே உடைக்கிறார்.

அவருடைய குரோமாடிக் ஃபேன்டசி இன்னும் நெருக்கம். சில இடங்களில் கார்டை மட்டும் எழுதி, பக்கத்தில் ஆர்பெஜியோ என்று ஒரே ஒரு சொல். எந்த மோட் என்பது வாசிப்பவர் பாடு.

1723-ல் லைப்சிக் வேலை கிடைத்தது. நகர சபை முதலில் கேட்டது டெலிமானை, அடுத்து கிராப்னரை. இருவரும் வராததால் பாக். சாகும்வரை 27 வருடம் அங்கேதான். பிறந்த 20 குழந்தைகளில் 10 பேர்தான் பெரியவர்களானார்கள். 1750-ல், ஊர் ஊராகப் போய்க் கண் ஆபரேஷன் செய்துவந்த ஜான் டெய்லர் என்ற ஆங்கிலேயர் அவருக்கு இரண்டு முறை அறுவை சிகிச்சை செய்தார். பார்வை போனது. ஜூலை 28-ல் உயிரும்.

1968-ல் வெண்டி கார்லோஸ், ஒரு நேரத்தில் ஒரே ஸ்வரம் பேசும் மூக் சிந்தசைசரில் டிராக் டிராக்காகப் பதிவு செய்து ஸ்விட்ச்ட்-ஆன் பாக் ஆல்பத்தை வெளியிட்டார். 1986-ல் இளையராஜா தன் ஹவ் டு நேம் இட் ஆல்பத்தை தியாகராஜருக்கும் பாக்குக்கும் சமர்ப்பித்தார். அதில் ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ் என்றே ஒரு டிராக் உண்டு.