கப்பல் இழந்த மாலுமி

உலகைத் தன்னந்தனியாகப் பாய்ப்படகில் சுற்றிவந்த முதல் மனிதர் என்றே ஜோஷுவா ஸ்லோகம் அறிமுகப்படுத்தப்படுகிறார். சாகசக்காரர்களின் வரிசையில் அவருக்கு முதலிடம் தருகிறோம். 1900இல் வெளிவந்த அவருடைய பயண நூலைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வேறொருவர் தென்படுகிறார்: வாழ்நாளெல்லாம் கற்ற தொழில் கண்ணெதிரே காலாவதியாகிவிட, ஐம்பது வயதை நெருங்குகையில் வேலையற்று நின்ற ஒரு கைவினைஞர்.

இன்றைய கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் 1844இல் பிறந்தார். தந்தையின் காலணிப் பட்டறையில் தோலோடு மல்லாடிய அவர், பதினான்கு வயதில் ஒரு மீன்பிடிக் கப்பலுக்குச் சமையல்காரராக ஓடிப்போனார். தாய் இறந்த பின், பதினாறாம் வயதில் வீட்டையே துறந்தார். கடைநிலை மாலுமியாகத் தொடங்கிக் கப்பல் தலைவராக உயர்ந்தார். 1871இல் சிட்னியில் வர்ஜீனியாவை மணந்தார். அந்தத் தம்பதிக்குக் கப்பலே குடித்தனம். 1884இல், போனஸ் அயர்ஸ் அருகே நின்ற அக்விட்னெக் என்ற கப்பலில் வர்ஜீனியா இறந்தார். மூன்றே ஆண்டுகளில் அந்தக் கப்பலும் பிரேசில் கரையோர மணல்திட்டில் சிக்கி அழிந்தது. காப்பீடு கிடையாது. அங்கேயே 35 அடிப் படகொன்றைக் கட்டி, இரண்டாம் மனைவி ஹெட்டியையும் இரு மகன்களையும் ஏற்றிக்கொண்டு அமெரிக்கா திரும்பினார். அதற்குள் நீராவிக் கப்பல்கள் கடலைக் கைப்பற்றியிருந்தன. பாய்க்கப்பல் தலைவருக்கு வேலை தருவாரில்லை.

இந்நிலையில் ஈபன் பியர்ஸ் என்ற முதிய திமிங்கில வேட்டைத் தலைவர், சற்றே பழுது பார்க்க வேண்டிய கப்பல் ஒன்றைத் தருவதாகச் சொன்னார். ஃபேர்ஹேவன் ஊருக்குப் போய்ப் பார்த்தால், மேய்ச்சல் நிலத்தில் முட்டுக்கொடுத்து நிறுத்தப்பட்ட, உளுத்துப்போன சிப்பிப் படகு! பியர்ஸின் வேடிக்கை அது. ஸ்லோகம் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. அருகிலிருந்த ஓக் மரத்தை வெட்டி அடிமரம் செய்தார். பலகை பலகையாகப் பழையதைக் கழித்துப் புதியதைச் சேர்த்தார். 13 மாத உழைப்பு. 553 டாலர் 62 சென்ட் செலவு. நீளம் 36 அடி 9 அங்குலம். பெயர் மட்டும் பழையதே: ஸ்ப்ரே.

1895 ஏப்ரல் 24 அன்று பாஸ்டனிலிருந்து புறப்பட்டார். நல்ல கடிகாரத்தைச் சீர்செய்யப் பதினைந்து டாலர் ஆகும் என்பதால் அதை விட்டுவிட்டு, முகப்பு உடைந்த தகரக் கடிகாரமொன்றை ஒரு டாலருக்கு வாங்கிக்கொண்டார். ஜூலையில் நோவா ஸ்கோஷியாவின் கரை மறைந்ததும் அடர்ந்த மூடுபனி சூழ்ந்தது. எனக்கு அந்த நூலின் உயிர்நிலை இதுதான். அதுவரை அவருடைய கடல் வாழ்வில் மாலுமிகளோ, மனைவி மக்களோ உடனிருந்தார்கள். இப்போது ஒருவருமில்லை. பழைய நினைவுகள் ஒன்றன்மேல் ஒன்றாக எழுந்தன. பேசாமலிருந்தால் குரலே போய்விடுமோ என்றஞ்சி, இல்லாத மாலுமிக்கு உரக்கக் கட்டளையிட்டார். படகு எத்திசையில் செல்கிறது என்று வினவினார். மறுமொழி இல்லை. பின்பு பாடத் தொடங்கினார். ஆமைகள் தலை நீட்டின, கடற்பன்றிகள் துள்ளின. அவரே வியக்கும்படி, அந்த முதல் நாள்களின் கூர்மையான தனிமை வலி பின்னர் திரும்பவேயில்லை.

டியரா டெல் ஃபியூகோவில், இரவில் ஏறி வருவோரைத் தடுக்கத் தளமெங்கும் ஆணிகளைப் பரப்பிவைத்த கதையைப் பலரும் சிரித்தபடி சொல்வார்கள். குடியேறிகளால் அழிந்துகொண்டிருந்த மக்களின் வெறுங்கால்களில் தைத்த ஆணிகள் அவை. எனக்குச் சிரிப்பு வருவதில்லை. வியப்பு, அவருடைய தொழில்நுட்பத்தில்தான். சுக்கானைக் கட்டிவிட்டால் ஸ்ப்ரே தானாகவே திசை தவறாமல் ஓடும். ஆஸ்திரேலியாவின் வடமுனையிலிருந்து கீலிங் தீவுகள் வரையிலான 2,700 மைலை 23 நாளில் கடந்தபோது, சுக்கானைக் கையில் பிடித்தது ஏறத்தாழ மூன்று மணி நேரமே. மற்ற வேளையில் படித்தார், சமைத்தார், உறங்கினார். பசிபிக் நடுவே நிலவின் இடத்தை அளந்து தீர்க்கரேகையைக் கணக்கிட்டார்; முதல் விடை ஒவ்வாதபோது, அச்சிட்ட அட்டவணையிலேயே பிழையிருப்பதைக் கண்டுபிடித்தார். யாருக்கும் வேண்டாததாகிக்கொண்டிருந்த கலை அது. அதில் அவர் கொண்ட பெருமிதம் நியாயமானது.

46,000 மைல் பயணத்துக்குப் பின் 1898 ஜூன் 27 அன்று நியூபோர்ட் வந்துசேர்ந்தார். ஸ்பெயினுடனான போரில் மூழ்கியிருந்த நாடு அவரை உடனே கவனிக்கவில்லை. நூல் புகழ் தந்தது. மார்த்தாஸ் வினியார்ட் தீவில் நிலம் வாங்கினார். நிலத்தில் கால் தரிக்கவில்லை. 1906இல் நியூ ஜெர்சியில் ஒரு சிறுமியிடம் தகாத முறையில் நடந்ததாகக் குற்றம் சாட்டப்பட்டு, வழக்கை எதிர்த்து வாதாடாமல் 42 நாள் சிறையிலிருந்தார். அவரைப் போற்றி எழுதுவோர் தாண்டிச்செல்லும் இந்தப் பக்கத்தை நான் தாண்ட விரும்பவில்லை.

1909 நவம்பரில், 65 வயதில், ஸ்ப்ரேயில் மீண்டும் தனியே தெற்கு நோக்கிப் புறப்பட்டார். நீச்சல் அவருக்குக் கடைசிவரை தெரியாது. அதன்பின் படகையும் அவரையும் எவரும் காணவில்லை. அவர் இறந்துவிட்டார் என்று சட்டப்படி அறிவிக்கப்பட்டது 1924இல்தான்.