சந்தைக்கு வழி கேட்ட ஸஹாபி

ஊர்விட்டு ஊர் வந்து பிழைக்கும் மனிதனுக்கு ஒரு சமூகம் எவ்வாறு கைகொடுக்க வேண்டும் என்னும் கேள்வி இன்று நேற்று எழுந்ததன்று. இதே கேள்வி 1400 ஆண்டுகளுக்கு முன்னர் மதீனமாநகரில் எழுந்தது. அதற்குக் கிடைத்த விடையைத் தம் வாழ்க்கையாலேயே எழுதிக் காட்டிய பெருமகனார் ஒருவர் உண்டு. அவர்களே ஹஜ்ரத் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள். சுவனபதியைக் கொண்டு நன்மாராயம் கூறப்பெற்ற பதின்மரில் அன்னார் ஒருவர். வாழ்நாள் முழுவதும் வியாபாரியாகவே இருந்தவர்கள். ஆகவே, கடை வைத்துப் பிழைக்கும் நம்மவர் அன்னாரின் சரித்திரத்தை ஒருமுறைக்கு இருமுறை படிப்பது நலம்.

யானை ஆண்டுக்குச் சுமார் 10 ஆண்டுகள் கழித்து, அதாவது கி.பி. 580-ஐ ஒட்டி, மக்கா நகரில் அன்னார் பிறந்தார்கள். குறைஷிக் குலத்தில் பனூ ஸுஹ்ரா என்னும் கிளை அவர்களுடையது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் தாயார் ஆமினா அம்மையாரும் அக்கிளையைச் சேர்ந்தவர்களே. குறைஷியர் குளிர்காலத்தில் யமன் நாட்டுக்கும், கோடையில் ஷாம் நாட்டுக்கும் ஒட்டகங்களில் சரக்கேற்றிச் சென்று வாணிபம் செய்தவர்கள். அந்தச் சூழலில் வளர்ந்த வாலிபருக்கு வியாபாரம் தாய்ப்பாலோடு வந்தது என்றே சொல்லலாம். துணி வணிகரான ஹஜ்ரத் அபூபக்ர் (ரலி) அவர்களின் அழைப்பினால் இஸ்லாத்தைத் தழுவிய முதல் சிலருள் அன்னாரும் ஒருவர். அறியாமைக் காலத்தில் இருந்த பெயரை மாற்றி, அப்துர் ரஹ்மான் என்னும் திருப்பெயரைச் சூட்டியவர்கள் அண்ணல் நபி (ஸல்) அவர்களே.

மக்காவில் துன்பம் மிகுந்தபோது கி.பி. 615-இல் அபிசீனியாவுக்குச் சென்ற கூட்டத்தில் அன்னார் இருந்தார்கள். பின்னர் கி.பி. 622-இல் ஹிஜ்ரத் செய்து மதீனாவை அடைந்தார்கள். நாற்பது வயதைக் கடந்த மனிதர். தேடிய பொருளெல்லாம் பின்னே மக்காவில் கிடந்தது. புதிய ஊர், புதிய மக்கள், கையில் முதல் இல்லை. நம்மில் பலருடைய தகப்பனாரும் பாட்டனாரும் கப்பலை விட்டுப் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் இறங்கிய நாளை நினைத்துக்கொண்டால், அந்த நிலை நமக்கு எளிதில் விளங்கும்.

மதீனா அப்போது செல்வம் கொழித்த ஊரன்று. பேரீச்சந்தோட்டங்களை நம்பி வாழ்ந்த உழவர் ஊர். அங்கே திடீரென்று பல குடும்பங்கள் வந்து சேர்ந்துவிட்டன. இவர்களை எப்படிக் காப்பாற்றுவது? நாயகம் (ஸல்) அவர்கள் ஒவ்வொரு முஹாஜிரையும் ஓர் அன்ஸாரித் தோழரோடு சகோதரராக இணைத்து வைத்தார்கள். வந்தவர் இன்னார், அவருக்குப் பொறுப்பானவர் இன்னார் என்று பெயர் குறித்துச் செய்த ஏற்பாடு அது. பொதுவில் எல்லோரும் உதவுவோம் என்று சொல்லிவிட்டு, கடைசியில் ஒருவரும் உதவாமல் போகும் குறை அந்த ஏற்பாட்டில் இல்லை.

அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்களுக்குச் சகோதரராக வாய்த்தவர் ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) அவர்கள். கஸ்ரஜ் குலத்துப் பெருந்தனவந்தர். அவர்கள் தம் செல்வத்தைச் சரிபாதியாகப் பிரித்து ஒரு பாதியைப் பெற்றுக்கொள்ளுமாறு வேண்டினார்கள். வாய் உபசாரத்துக்காகச் சொன்ன சொல்லன்று அது. பிரித்துக் கொடுக்கவே ஆயத்தமாக இருந்தார்கள். ஆனால் அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்கள் அந்தச் சகோதரரின் குடும்பத்துக்கும் பொருளுக்கும் பரக்கத் உண்டாக துஆச் செய்துவிட்டு, சந்தைக்குப் போகும் வழியை மட்டும் காட்டுமாறு கேட்டுக்கொண்டார்கள்.

இந்நிகழ்ச்சியைச் சொல்லும்போது நாம் வழக்கமாக வந்தவரின் தன்மானத்தை மட்டுமே புகழ்ந்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். ஸஅத் (ரலி) அவர்களின் பங்கையும் பார்க்க வேண்டும். பாதிச் சொத்தையும் தர ஒருவர் பின்னே நிற்கிறார் என்ற தைரியம் இருந்ததால்தான், வெறுங்கையோடு சந்தைக்குள் நுழைய மனம் துணிந்தது. விழுந்தால் தாங்க ஒரு கை இருப்பது தெரிந்தவனே மரம் ஏறுவான். இன்னொன்றும் உண்டு. அந்தப் பாதியை வாங்கியிருந்தால் ஸஅத் (ரலி) அவர்களின் தோட்டமும் தொழிலும் பாதியாய்க் குறைந்திருக்கும். வழியைக் காட்டியதால் ஊரில் இருந்த ஒரு செல்வர் செல்வராகவே இருந்தார். இரண்டாவதாக ஒரு செல்வரும் உருவானார்.

அவர்கள் காட்டிய சந்தை, யூதக் குலத்தாரான பனூ கைனுகாவினரின் சந்தை. அங்கே அன்னார் நெய்யும், உலர்ந்த தயிர்க் கட்டியும் வாங்கி விற்றார்கள். ஷாம் நாட்டுப் பட்டையும் யமன் நாட்டு வாசனைத் திரவியத்தையும் கண்டு பழகிய குறைஷி வர்த்தகர், நெய்ச்சட்டி தூக்குவதை இழிவாக நினைக்கவில்லை. அன்றாடம் வீட்டுக்கு வேண்டிய பண்டம் அது. சிறு முதல் போதும். அன்றைக்கே விற்றுக் காசாகும். தினந்தோறும் காலையில் சென்று மிச்சம் பிடித்துக்கொண்டு திரும்பினார்கள். சில நாட்கள் சென்றபின் ஆடையில் குங்குமப்பூ வாசனையின் மஞ்சள் சாயலோடு நபிகளாரின் முன்னே வந்தார்கள். விசாரித்தபோது ஓர் அன்ஸாரிப் பெண்மணியை நிகாஹ் செய்துகொண்ட செய்தி தெரியவந்தது. மஹராக ஒரு பேரீச்சங்கொட்டை எடைப் பொன் கொடுத்திருந்தார்கள். ஓர் ஆட்டையாவது அறுத்து வலீமா விருந்து கொடுக்குமாறு அண்ணலார் (ஸல்) பணித்தார்கள். விருந்தாளியாக வந்தவர் விருந்து கொடுப்பவராகிவிட்டார்.

ஆனால் ஒருவரின் சாமர்த்தியத்தை மட்டும் நம்பி ஒரு சமூகம் இருந்துவிட முடியாது. எல்லா முஹாஜிர்களும் அப்துர் ரஹ்மான் ஆகிவிட மாட்டார்கள். ஆகவே, நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவில் முஸ்லிம்களுக்கென்று ஒரு சந்தைத் திடலை ஒதுக்கினார்கள். திறந்த வெளி அது. அதில் விற்போரிடம் வரி வாங்கலாகாது. இடத்தைக் குறுக்கிக் கட்டடம் எழுப்பலாகாது என்பது கட்டளை. பள்ளிவாசலில் முந்தி வந்தவருக்கு முந்திய இடம் கிடைப்பதுபோல், சந்தையிலும் காலையில் முந்தி வந்தவர் அன்று எழுந்து போகும்வரை அவ்விடத்துக்கு உரியவர் என்னும் முறை பின்னர் கலீபா உமர் (ரலி) அவர்களின் காலத்திலும் காக்கப்பட்டது. நேற்று வந்த ஏழைக்கும் பத்துத் தலைமுறைச் செல்வருக்கும் அந்தத் திடலில் ஒரே உரிமை.

இடம் கொடுத்ததோடு ஒழுங்கும் வைத்தார்கள். தானியக் குவியலுக்குள் கைவிட்டுப் பார்த்து, அடியில் ஈரமானதை மறைத்து வைத்திருந்தவரை நபிகளார் (ஸல்) கண்டித்த நிகழ்ச்சி நாம் அறிந்ததே. சரக்கு ஊருக்குள் வருமுன் வழிமறித்து, விலை நிலவரம் தெரியாத வெளியூராரிடம் மலிவாக வாங்குவதைத் தடுத்தார்கள். விலையேற்றத்துக்காகப் பதுக்குவதைத் தடுத்தார்கள். விலை ஏறியபோது தாங்களே விலை குறித்துத் தருமாறு மக்கள் வேண்டியும், எவருக்கும் அநீதி செய்தவராக இறைவனைச் சந்திக்க விரும்பாமல் மறுத்துவிட்டார்கள். வாசல் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும். தராசு நேராக இருக்க வேண்டும். அதன்பின் உழைப்பவன் உழைத்துக்கொள்வான். அந்தச் சந்தையின் பொருளாதாரக் கொள்கை இதுவே.

அந்தத் திடலின் அருமை மதீனா மக்களுக்குத் தெரிந்திருந்தது. நூறாண்டுகளுக்குப் பின்னர், உமையாக் கலீபா ஹிஷாம் அவர்களின் ஆட்சியில், அங்கே கீழே கடைகளும் மேலே வாடகைக்கு விடும் அறைகளுமாகப் பெரிய கட்டடம் எழுப்பப்பட்டது. கி.பி. 743-இல் கலீபா இறந்த செய்தி வந்ததும் ஊரார் திரண்டு அதை இடித்துத் தள்ளினர் என்று மதீனாவின் சரித்திர ஆசிரியர்கள் எழுதியிருக்கின்றனர்.

கி.பி. 625-இல் உஹதுப் போர் நடந்தது. அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்கள் இருபதுக்கு மேற்பட்ட காயங்கள் பட்டார்கள். முன்பற்கள் விழுந்தன, காலில் பட்ட காயத்தால் கடைசிவரை நடை சாய்ந்தது. அதே களத்தில் ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) அவர்கள் ஷஹீதானார்கள். பாதிச் சொத்தைப் பிறருக்குத் தர முன்வந்த அந்த வள்ளலின் சொத்து முழுவதையும், அக்கால வழக்கப்படி, அவருடைய சகோதரர் எடுத்துக்கொண்டார். இரண்டு பெண்மக்களும் வெறுங்கையராய் நின்றனர். விதவையான தாய் அவர்களை அழைத்துக்கொண்டு நபிகளாரிடம் முறையிட்டார். அப்போதுதான் வாரிசுரிமை பற்றிய இறைவசனம் இறங்கியது. பெண்மக்களுக்கு மூன்றில் இரு பங்கும், தாய்க்கு எட்டில் ஒரு பங்கும், மிகுதி சகோதரருக்கும் என்று தீர்ப்பாயிற்று. வந்தவருக்கு வழிகாட்டும் சமூகம், உள்ளூர் அநாதையின் உரிமையையும் காக்க வேண்டும். வியாபாரி கண்மூடியபின் அவன் பிள்ளைகள் தெருவில் நின்றால் அச்சமூகத்தில் முதல் எப்படித் தங்கும்?

அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்களின் வியாபாரம் நாளுக்கு நாள் பெருகியது. அதன் இரகசியத்தை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் இஹ்யா நூலில் குறித்திருக்கிறார்கள். எவ்வளவு சிறிய இலாபம் வந்தாலும் அன்னார் தள்ளியதில்லை. கால்நடையைக் கேட்டு ஒருவர் வந்தால் விற்பதைத் தாமதித்ததில்லை. கடனுக்கு விற்றதில்லை. ஒருமுறை 1000 ஒட்டகங்களை அடக்க விலைக்கே கொடுத்துவிட்டார்கள் என்றும், கட்டும் கயிறு மட்டுமே மிச்சமாயிற்று என்றும் சொல்லப்படுகிறது. கயிறு ஒன்று ஒரு திர்ஹமாக 1000 திர்ஹம் வந்தது. அன்றைய தீவனச் செலவு 1000 திர்ஹமும் மிஞ்சியது. கடன் கொடுத்து வாங்குவதை மார்க்கம் தடுக்கவில்லை. எழுதி வைக்குமாறு குர்ஆனில் நீண்டதொரு வசனமே இருக்கிறது. ஆயினும், பற்று எழுதி எழுதியே முதலை இழந்த கடைகளை நாம் கண்ணால் கண்டிருப்பதால், இந்த மூன்றாவது விதியின் அருமை நமக்கு நன்றாகவே தெரியும்.

வந்த பொருள் பெட்டியில் உறங்கவில்லை. கி.பி. 630-இல் தபூக் பயணத்துக்காக நிதி திரட்டியபோது தம்மிடமிருந்த 8000 திர்ஹத்தில் பாதியான 4000 திர்ஹத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள் என்று விரிவுரையாளர் கூறுவர். நயவஞ்சகர் அதைப் பகட்டு என்று ஏசினர். இரவெல்லாம் கூலிக்குத் தண்ணீர் இறைத்து ஒரு மரக்கால் அளவு பேரீச்சம்பழம் கொண்டுவந்த ஏழையையும் அதே வாய்கள் பரிகசித்தன. நிறையக் கொடுத்தால் பகட்டு, குறையக் கொடுத்தால் கேலி. பொதுக்காரியத்துக்கு வசூல் செய்து பழகியவர்களுக்கு இப்பேச்சு புதிதாக இராது. அன்னார் அதற்காகக் கொடுப்பதை நிறுத்தவில்லை.

அன்னாரின் செல்வத்தால் மதீனாவாசிகள் அனைவரும் ஆதரவு பெற்றனர் என்றோர் அறிவிப்பு உண்டு. மூன்றில் ஒரு பங்கினர் அவர்களிடம் கடன் பெற்றனர். மூன்றில் ஒரு பங்கினரின் கடனை அவர்கள் அடைத்தனர். மீதமுள்ளவர்களுக்கு அன்பளிப்பாகவே கொடுத்தனர். தொழில் செய்யக்கூடியவனுக்கு வட்டியில்லாக் கடன், கடனில் மூழ்கியவனுக்கு விடுதலை, இயலாதவனுக்கு நன்கொடை. இம்மூன்றையும் ஒன்றோடொன்று குழப்பாமல், ஆளறிந்து கொடுப்பதே கொடையின் நுட்பம். கடன் வேண்டியவனுக்குத் தருமம் கொடுத்தால் அவன் கூனிப்போவான். தருமம் வேண்டியவனுக்குக் கடன் கொடுத்தால் அவன் ஒடிந்துபோவான்.

இத்தனை செல்வத்திலும் அன்னாரின் நெஞ்சில் ஓர் அச்சம் குடியிருந்தது. நோன்பு திறக்கும் வேளையில் உணவு வந்தபோது, உஹதில் ஷஹீதான முஸ்அப் (ரலி) அவர்களுக்குத் தலையை மூடினால் காலும், காலை மூடினால் தலையும் தெரியும்படியான ஒரே துணிதான் கபனாகக் கிடைத்தது என்பதை நினைத்து, உண்ணாமல் அழுதுவிட்டார்கள். நன்மையின் கூலி இவ்வுலகிலேயே தரப்பட்டுவிட்டதோ என்பதே அவர்களின் கவலை.

கி.பி. 644-இல் உமர் (ரலி) அவர்கள் குத்துண்டபோது, அடுத்த கலீபாவைத் தேர்ந்தெடுக்க அறுவரை நியமித்தார்கள். அவர்களில் அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்கள் தமக்குப் பதவி வேண்டாமென்று விலகி, ஊராரை இரவும் பகலும் கலந்து பேசி, உதுமான் (ரலி) அவர்களைத் தெரிவு செய்தார்கள். சந்தையில் சம்பாதித்த நாணயம் சபையிலும் செல்லுபடியாயிற்று.

ஹிஜ்ரீ 32-இல் அன்னார் மறைந்து, ஜன்னத்துல் பகீஉ அடக்கவிடத்தில் அடக்கமானார்கள். பத்ருப் போரில் கலந்து அப்போது உயிரோடிருந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் 400 தீனார் கொடுக்குமாறு மரண சாசனம் செய்திருந்தார்கள். அவ்வாறு பெற்றவர்கள் 100 பேர் என்பர். வசதியுள்ள உதுமான் (ரலி) அவர்களும் அதைப் பரக்கத்தாகக் கருதிப் பெற்றுக்கொண்டார்கள். சொத்தில் இருந்த பொன்னைக் கோடாரியால் வெட்டிப் பங்கிட வேண்டியிருந்தது. நெய்யும் தயிர்க் கட்டியும் விற்ற கை சேர்த்த பொன் அது.

அன்புச் சகோதரர்களே! நம்முடைய முன்னோர்களும் இந்நாடுகளுக்கு வந்தபோது, முன்னே வந்த ஊர்க்காரர் ஒருவரின் கடையில் தங்கி, வேலை பழகி, சந்தையின் நெளிவு சுளிவுகளைக் கற்று, பின்னரே தனிக்கடை கண்டார்கள். அவர்களுக்கும் ஒரு ஸஅத் இருந்தார். இன்று நாம் கடைக்காரர். வழி கேட்டு வருபவன் வேறொரு வாலிபன். அவன் கையில் பத்து வெள்ளியைத் திணித்து அனுப்பிவிடுவது எளிது. கொள்முதல் செய்யும் இடத்தைக் காட்டுவதும், நம் கடைக்குப் பக்கத்திலேயே அவன் கடை வைத்தாலும் முகம் சுளிக்காமலிருப்பதும், சங்கத்தின் நிதியில் ஆளறிந்து கடன் கொடுப்பதும் கடினம். மதீனாவை வளர்த்தது அந்தக் கடினமான வழியே.

வல்ல அல்லாஹ் நம் வியாபாரத்தில் பரக்கத்தையும், நம் தராசில் நேர்மையையும், பிறருக்கு வழிகாட்டும் விரிந்த மனத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.