புலிக்கார்

சிராங்கூன் சாலைக் கடைகளில் இன்றும் கிடைக்கும் டைகர் பாம் தைலத்தைச் சிங்கப்பூருக்குக் கொண்டுவந்தவர் ஆவ் பூன் ஹாவ். தம் காருக்குப் புலிக்கோடுகள் தீட்டி, முன்னால் புலித்தலை பொருத்தி, ஹாரனையும் உறுமலாக மாற்றியவர். விளம்பரம்தான், ஆசையும் இல்லாமலா இருக்கும்?

1882இல் ரங்கூனில் சீன மூலிகை வைத்தியர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். தம்பி பூன் பார் தைலம் தயாரிப்பதைக் கவனிக்க, அண்ணன் ஊர் ஊராகச் சென்று விற்றார். 1920களில் தொழில் சிங்கப்பூருக்கு வந்தது. நீல் சாலைத் தொழிற்சாலைக் கட்டடம் இன்னும் நிற்கிறது.

அவருக்கு நான்கு மனைவியர். ஹாங்காங்கில் ஒரு மாளிகை, சிங்கப்பூரில் இல்லம், ஊர்தோறும் கிளைகள், நாளிதழ்கள். அந்தக் கார் தெருவில் போனால் ஊரே திரும்பிப் பார்த்தது. வாசலில் அதன் சத்தத்துக்குக் காத்திருந்தவர்களைப் பற்றி யாரும் அதிகம் எழுதவில்லை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

தம்பிக்காக 1937இல் பாசிர் பாஞ்சாங்கில் மாளிகையும் தோட்டமும் அமைத்தார். போர் வந்தது. அண்ணன் ஹாங்காங்கில் இருக்க, தம்பி 1944இல் ரங்கூனில் காலமானார். திரும்பி வந்த அண்ணன், சிதைந்து கிடந்த மாளிகையை இடித்துவிட்டார். தோட்டத்தை மட்டும் விட்டுவைத்தார். இன்றைய ஹாவ் பார் வில்லா அதுதான்.

1951இல் மகன் ஆவ் ஹோ விமான விபத்தில் மாண்டார். 1954 செப்டம்பரில், அமெரிக்காவில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு ஹாங்காங் திரும்பும் வழியில், ஹொனலூலுவில் பூன் ஹாவின் உயிர் பிரிந்தது. ஹாங்காங் நாளிதழ்ப் பொறுப்பு தத்து மகள் ஆவ் சியானிடம் வந்தது. அப்போது அவருக்கு ஏறத்தாழ என் வயதுதான்.