பூந்தோட்டம் தந்த புரட்சியாளர்

மக்களாட்சி என்று தலைப்புக் கொடுத்துவிட்டால் போதும், நம் கல்லூரிப் பேச்சுப் போட்டிகளில் இரண்டு பெயர்கள் தவறாமல் வந்துவிடும். ஒன்று ஆபிரகாம் லிங்கன், மற்றொன்று உத்திரமேரூர். லிங்கன் கடல் கடந்தவர். உத்திரமேரூரோ எங்கள் காஞ்சி மாவட்டத்து ஊர். முதற் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட குடவோலைக் கல்வெட்டுகளைப் பற்றி நாம் பெருமை கொள்வது முறையே. ஆனால், குடத்தில் ஒருவர் பெயர் விழ வேண்டுமானால் கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலமும், சொந்த மனையில் கட்டிய வீடும், வேதப் பயிற்சியும் வேண்டும் என்று அதே கல்வெட்டு விதிக்கிறது. மிகக் கற்றவர்க்கு நிலத்தில் சற்றே தளர்வு உண்டு. உழுதவனுக்கு எந்தத் தளர்வும் இல்லை.

அமெரிக்காவின் கதையும் இதற்குச் சளைத்ததன்று. மாந்தர் அனைவரும் சமமாகவே படைக்கப்பட்டனர் என்று 1776 சூலை 4 அன்று உலகுக்கு அறிவித்த சாசனத்தை வரைந்த ஜெஃபர்சன், தம் வாழ்நாளில் அறுநூறுக்கும் மேற்பட்ட அடிமைகளை உடைமையாக வைத்திருந்தவர். அடிமைத்தளை அங்கே சட்டப்படி அறுபட 1865 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்த முரண்பாட்டை வாசலுக்கு வெளியே நின்று கண்டவர் ஒருவர் நம் நாட்டில் இருந்தார். அவரே மகாத்மா ஜோதிராவ் பூலே.

1827 ஏப்ரல் 11 அன்று தோட்டக்காரர் குலமாகிய மாலி வகுப்பில் அவர் பிறந்தார். குடும்பம் பூனாவில் பூவும் காய்கறியும் விற்றுப் பிழைத்தது. பேஷ்வாக்களின் அரண்மனைக்குப் பூக்கள் கொடுத்ததாலேயே பூலே என்ற பெயர் அவர்களுக்கு ஒட்டிக்கொண்டது. ஓராண்டு நிறையுமுன் தாயை இழந்தார். பள்ளிக்கு அனுப்பிய தந்தை கோவிந்தராவ், தோட்டக்காரன் மகனுக்குப் படிப்பு எதற்கு என்ற பேச்சுக்குச் செவி சாய்த்து, பையனை நிறுத்திக் கையில் மண்வெட்டியைக் கொடுத்துவிட்டார். அண்டை வீட்டு இசுலாமியப் பெரியவர் ஒருவரும் கிறித்தவர் ஒருவரும் இவன் அறிவைப் பாழாக்காதே என்று தந்தையிடம் எடுத்துச் சொல்லியிராவிட்டால், வரலாறு ஒரு தோட்டக்காரரை மட்டுமே பெற்றிருக்கும். 1841 இல் ஸ்காட்லாந்து மிஷன் பள்ளியில் மீண்டும் சேர்ந்தார்.

1847 இல் படிப்பு முடிந்த வேளையில், தாமஸ் பெயின் எழுதிய ‘மனித உரிமைகள்’ என்னும் நூல் அவர் கைக்குக் கிட்டியது. அந்தப் பெயின் யார்? இங்கிலாந்தில் பெண்களின் கச்சை தைக்கும் தொழிலாளியின் மகன். பதின்மூன்று வயதளவில் பள்ளியை விட்டவர். பிழைக்க வழி தேடி 1774 இல் அமெரிக்கா சென்று, 1776 சனவரியில் ‘பொது அறிவு’ என்றொரு சிறு நூலை, கடைவீதியில் நிற்பவனுக்கும் விளங்கும் மொழியில் எழுதி, மன்னராட்சியே தேவையில்லை என்று முழங்கியவர். பிறப்பினால் ஒருவன் ஆளவும் மற்றவன் அடங்கவும் எந்த நியாயமும் இல்லை என்பதே அவர் எழுத்தின் உயிர். மன்னர் குலத்தை நோக்கி அவர் விட்ட கணையைப் பூலே சாதியை நோக்கித் திருப்பினார். இதுவே அவருடைய மேதைமை என்பது என் எண்ணம். படித்ததை ஒப்பித்தவர் பலர், படித்ததைத் தம் தெருவுக்குக் கொண்டுவந்தவர் சிலரே அல்லரோ!

1848 இல் பிராமண நண்பர் ஒருவரின் திருமண ஊர்வலத்தில் நடந்து சென்றவரைச் சாதி சொல்லி இழிவுபடுத்தி விலக்கினர். அதே ஆண்டில் பூனாவின் பிடே மாளிகையில் பெண்களுக்கென்று பள்ளி திறந்தார். இடம் தந்த பிடே பிராமணர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பாடம் சொல்ல ஆசிரியை கிடைக்காத காலம் அது. தாம் எழுத்தறிவித்த மனைவி சாவித்திரிபாயையே ஆசிரியை ஆக்கினார். வழியில் அம்மையார் மீது சேற்றையும் சாணத்தையும் வீசினர். அவர் மாற்றுச் சேலை ஒன்றைக் கையோடு எடுத்துச் சென்றார். ஊராரின் நெருக்குதலுக்கு அஞ்சிய தந்தை 1849 இல் மகனையும் மருமகளையும் வீட்டை விட்டு வெளியேற்றினார். பள்ளி நிற்கவில்லை.

1863 இல் கைம்பெண்கள் மறைவாகப் பிள்ளை பெறுவதற்கு ஒரு காப்பகம் தொடங்கினார். 1868 இல் தம் வீட்டுக் கிணற்றைத் தீண்டப்படாதார் எனப்பட்டோருக்குத் திறந்துவிட்டார். 1873 இல் ‘குலாம்கிரி’, அதாவது ‘அடிமைத்தனம்’ என்ற நூலை வெளியிட்டார். அதை அவர் காணிக்கையாக்கியது எந்த மன்னருக்கும் அன்று. கறுப்பின அடிமைகளின் விடுதலைக்காகத் தன்னலமின்றிப் பாடுபட்ட அமெரிக்க நன்மக்களுக்கு. நம் நாட்டவரும் சூத்திரச் சகோதரர்களை விடுவிப்பதில் அவர்களைப் பின்பற்ற வேண்டும் என்பது அவர் வேண்டுகோள். சாசனம் எழுதிய அமெரிக்காவை விட, அந்தச் சாசனத்தை மெய்ப்பிக்கப் போராடிய அமெரிக்காவே அவர் கண்ணுக்குப் பட்டது. அதே ஆண்டு செப்டம்பர் 24 அன்று சத்திய சோதக் சமாஜத்தை நிறுவினார்.

1882 இல் ஹண்டர் கல்விக் குழுவின் முன் அவர் அளித்த விண்ணப்பத்தைப் பற்றி அறிந்தபோது என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை. அரசின் வருவாயில் பெரும்பகுதி உழவன் வியர்வையில் விளைகிறது. அதில் படித்து உயர்வதோ மேல்வகுப்பார் பிள்ளைகள். ஆகவே பன்னிரண்டு வயது வரையிலாவது தொடக்கக் கல்வியைக் கட்டாயமாக்குங்கள் என்று கேட்டார். நான் சேரப்பணஞ்சேரிக்காரி. விடியுமுன் எங்கள் ஊர்ப் பக்கம் கம்பெனி பஸ்கள் வந்து ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும். பிளஸ் டூவோடு நின்ற என் அக்காள் அதில் ஒன்றில் ஏறுகிறாள். அவள் சம்பளத்தில்தான் எனக்குப் புத்தகமும் பஸ் செலவும். அம்மா இன்றும் கைநாட்டு. ஒருவர் உழைப்பில் இன்னொருவர் படிப்பது என்ற அந்தக் கணக்கு, எங்கள் வீட்டுக்குள்ளேயே வேறு விதமாக நடக்கிறது. அக்காளுக்கு அதில் வருத்தமில்லை என்கிறாள். எனக்கு இருக்கிறது. பூலே கேட்ட கட்டாயக் கல்வி சட்டமாகி நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது 2010 இல். அதுவும் பதினான்கு வயதோடு முடிந்துவிடுகிறது.

பூலே வறியவராகவே வாழ்ந்தார் என்று எண்ணிவிட வேண்டா. கட்டட ஒப்பந்தங்கள் எடுத்தார். 1876 முதல் சில ஆண்டுகள் பூனா நகராட்சி உறுப்பினராகவும் இருந்தார். 1888 இல் விக்டோரியா அரசியாரின் மகன் கன்னாட் கோமகனுக்குப் பூனாவில் வரவேற்பு நடந்தபோது, பட்டும் பகட்டுமாக வந்திருந்த பிரமுகர்களுக்கிடையே உழவன் உடையில் போய் நின்றார். அவ்வாண்டு மே 11 அன்று பம்பாய் மக்கள் அவருக்கு மகாத்மா என்ற பட்டம் சூட்டினர். பின்னாளில், கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் 1913 முதல் 1916 வரை பயின்று அமெரிக்க மக்களாட்சிச் சிந்தனையை நேரில் கற்றுவந்த அண்ணல் அம்பேத்கர், புத்தரையும் கபீரையும் பூலேயையும் தம் மூன்று ஆசான்களாகப் போற்றினார்.

பட்டம் பெற்ற சில மாதங்களில் பூலேக்குப் பக்கவாதம் தாக்கி வலக்கை செயலிழந்தது. இடக்கையால் எழுதப் பழகித் தம் கடைசி நூலை முடித்தார். 1890 நவம்பர் 28 அன்று மறைந்தார். நூல் 1891 இல் அச்சேறியது. சாவித்திரிபாய் சமாஜப் பணியைத் தொடர்ந்தார். 1897 இல் பூனாவைப் பிளேக் நோய் சூறையாடியபோது, நோயுற்ற சிறுவன் ஒருவனை மருத்துவமனைக்குச் சுமந்து சென்று, தாமும் அந்நோய் பற்றி மார்ச் 10 அன்று உயிர் நீத்தார்.